பிரெஞ்சுக்காரர்களின் வீட்டுப் பானங்கள்: எதில் தொடங்குவது, எதைத் தொடாமல் விடுவது?

வேலைக்காக லியோனுக்குக் குடிபோயிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டு அம்மையார் சின்னக் கிளாசில் ஊற்றித் தந்த வால்நட் ஒயின் பிடித்துப்போயிருக்கிறது. அதுபோன்ற பழைய பிரெஞ்சுப் பானங்களை வீட்டில் செய்ய முடியுமா, வடிகலம் வாங்க வேண்டுமா, மது தொடாத மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஏதாவது உண்டா, செய்ததை ஊருக்கு எடுத்துவரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வடிகலம் வேண்டாம். பிரான்சில் அனுமதி இல்லாமல் சாராயம் வடிப்பது சட்டப்படி குற்றம். பழத்தோட்டம் வைத்திருப்பவர்கள் தங்கள் பழத்தை நொதிக்கவைத்து, குளிர்காலத்தில் கிராமத்துக்கு வரும் நடமாடும் வடிகலத்துக்கு எடுத்துப்போய், சுங்கத் துறைக்கு முன்கூட்டியே தெரிவித்து வடித்துக்கொள்கிறார்கள். இவர்களை ‘புயேர் த க்ரூ’ என்பார்கள். முன்பு ஆண்டுக்கு 10 லிட்டர் சுத்த ஆல்கஹால் அளவுக்கு வரியே இல்லாமல் வடிக்கும் உரிமை இவர்களுக்கு இருந்தது. 1960இல் அந்த உரிமை பிள்ளைகளுக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். உரிமை வைத்திருந்தவர் ஆயுள்வரை அனுபவிக்கலாம், அவருக்குப் பின் கணவனோ மனைவியோ அனுபவிக்கலாம், அத்தோடு சரி. கிராமத்துப் பெரியவர்கள் இன்றும் இதைப் பற்றி ஆத்திரத்தோடு பேசுவார்கள். உங்களிடம் தோட்டமும் இல்லை, உரிமையும் இல்லை. இந்தப் பேச்சை இங்கேயே விட்டுவிடலாம்.

வடிகலம் இல்லையென்றால் கொன்யாக், அர்மன்யாக், கல்வதோஸ் போன்ற வடித்த மதுவெல்லாம் கைக்கு எட்டாதவை. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள மலையில் கார்த்தூசியன் துறவிகள் செய்யும் ஷார்த்ரோஸும் அப்படித்தான். 1605இல் அவர்கள் கைக்கு வந்த ஒரு சுவடியில் தொடங்கும் அந்த மதுவில் 130 தாவரங்கள் சேர்கின்றன. செய்முறை இன்றுவரை மடத்துக்குள்ளேயே இருக்கிறது. ‘வீட்டிலேயே ஷார்த்ரோஸ்’ என்று யாராவது குறிப்பு எழுதியிருந்தால் நம்பாதீர்கள்.

அப்சிந்த் என்ற மூலிகை மதுவுக்கும் இதே பதில்தான், ஆனால் காரணம் வேறு. 1915இல் பிரான்ஸ் அதைத் தடை செய்தது. பிற்காலத்தில் தடை நீங்கிவிட்டது. இப்போது எட்டிக்காய்க் கசப்புள்ள அதன் மூலிகையை உலர்த்திப் பொட்டலமாக விற்கிறார்கள், ‘ஆல்கஹாலில் ஊறவைத்தால் போதும்’ என்ற வாக்குறுதியோடு. போதாது. அந்தச் செடியின் கடுங்கசப்புப் பொருள் ஆவியாகி மேலே ஏறாது; வடிக்கும்போது கசப்பு அடியில் தங்கி, மணம் மட்டும் மறுபக்கம் வந்து சேரும். வெறுமனே ஊறவைத்தால் கசப்பு முழுவதும் பாட்டிலுக்குள் இறங்கிவிடும். அதைக் குடிப்பவர் தண்டனை அனுபவிப்பவர் போலத்தான் முகத்தை வைத்துக்கொள்வார்.

இவற்றையெல்லாம் கழித்துவிட்டாலும் மிச்சம் நிறைய இருக்கிறது. பிரெஞ்சு வீடுகளின் உண்மையான மரபே அந்த மிச்சம்தான் என்பது என் கருத்து. அது வடிப்பதில்லை, ஊறவைப்பது. பழமோ இலையோ வேரோ தோலோ, அதற்கு மேல் ஒயின் அல்லது வடித்த மது, கொஞ்சம் சர்க்கரை, பிறகு பொறுமை. நம் வீட்டு ஊறுகாய் ஜாடியின் தர்மமேதான்: அகலவாய்க் கண்ணாடி அல்லது பீங்கான், ஈரம் படாத கரண்டி, வெளிச்சம் படாத மூலை. கைத்திறன் பெரிதாக வேண்டியதில்லை; காலண்டரைப் பார்க்கத் தெரிய வேண்டும். எந்தப் பொருளை எந்த வாரத்தில் பறிக்கிறீர்கள் என்பதில்தான் பானம் நல்லதாவதும் கெட்டதாவதும் இருக்கிறது.

உங்களுக்குப் பிடித்த வால்நட் ஒயினையே எடுத்துக்கொள்வோம். அதற்கு நாள் ஜூன் 24, புனித யோவான் திருநாள். அப்போது வால்நட் காய் பச்சையாக, உள்ளே ஓடு கெட்டிப்படாமல் இருக்கும். ஸ்வெட்டர் பின்னும் ஊசியால் குத்திப் பாருங்கள். மறுபக்கம் தடையின்றி வந்தால் பறிக்கலாம். மலைப்பகுதியில் ஜூலை 14 வரை நேரம் கிடைக்கும். ஊசி நடுவில் முட்டி நின்றால் அந்த ஆண்டு கணக்கு முடிந்தது. கிரெனோபிள் வால்நட்டுக்கு 1938இலேயே புவிசார் பெயருரிமை கிடைத்தது. அந்தத் தோப்புகள் லியோனிலிருந்து அதிகத் தூரமில்லை. பச்சைக் காய் சூப்பர் மார்க்கெட்டில் அபூர்வம். ஜூன் கடைசி வார ஞாயிற்றுச் சந்தையில், விவசாயிகள் நேரடியாக விற்கும் இடத்தில், முன்கூட்டியே சொல்லிவைத்தால் கொண்டுவந்து தருவார்கள்.

குடும்பங்களில் புழங்கும் பழைய கணக்கு இது: 40 காய், 5 லிட்டர் சிவப்பு ஒயின், 1 லிட்டர் ‘ஓ-த-வீ’, 1 கிலோ சர்க்கரை, 40 நாள். ஓ-த-வீ என்பது பழத்தை ஊறவைக்கவே 40 சதவீத வலிமையில் கடைகளில் விற்கும் நிறமற்ற வடிமது. ‘அல்கோல் பூர் ஃப்ருய்’ என்று பாட்டிலில் போட்டிருக்கும். முதல் முறைக்கு இவ்வளவு வேண்டாம். 8 காய், 1 லிட்டர் ஒயின், 200 மில்லி ஓ-த-வீ, 200 கிராம் சர்க்கரை என்று செய்து பாருங்கள். காயை நான்காக வெட்டி ஜாடியில் போடுங்கள். கையுறை கட்டாயம், பச்சை வால்நட்டின் சாறு விரலைக் கறுப்பாக்கிவிடும், எத்தனை சோப்புப் போட்டாலும் நாள்கணக்கில் போகாது. மரப்பலகையிலும் வெட்டாதீர்கள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, விரும்பினால் வனிலாக் காயில் பாதியோ ஆரஞ்சுத் தோலில் ஒரு கீற்றோ போட்டு மூடி, இருட்டில் வையுங்கள். சர்க்கரை கரையும்வரை இரண்டு நாளுக்கு ஒருமுறை ஜாடியைச் சுழற்றிவிட்டால் போதும்.

எந்த ஒயின் என்று கேட்பீர்கள். விலை குறைந்தது போதும், ஆனால் தனியாகக் குடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கெட்டுப்போன ஒயினை இதில் ஒளிக்க முடியாது. துவர்ப்பை வால்நட்டே கொண்டுவருவதால், ஒயினும் துவர்ப்பாக இருந்தால் நாக்கு வறண்டுபோகும். உங்கள் ஊருக்கு வடக்கே விளையும் பொஷொலே இதற்கு மிகப் பொருத்தம். கமே திராட்சையில் செய்ததால் துவர்ப்பு குறைவு.

ஓ-த-வீயை மிச்சம் பிடிக்கத் தோன்றும். பிடிக்காதீர்கள். 12 சதவீத ஒயின் 5 லிட்டரும் 40 சதவீத மது 1 லிட்டரும் சேர்ந்து, சர்க்கரை பிடிக்கும் இடத்தையும் கணக்கிட்டால், முடிவில் வலிமை ஏறக்குறைய 15 சதவீதம் வரும். அந்த வலிமையில் ஒயினைக் காடியாக்கும் பாக்டீரியாவுக்கு வேலை கடினம். வெறும் ஒயினில் காயைப் போட்டு 40 நாள் திறந்தும் மூடியும் வைத்திருந்தால், உங்களுக்குக் கிடைப்பது சாலட்டில் ஊற்றும் வினிகர்.

40 நாள் ஆனதும் முதலில் துணியிலும் பிறகு காபி வடிகட்டும் காகிதத்திலும் வடித்து, பாட்டிலில் நிரப்பி, கார்க் போடுங்கள். அன்றைக்கே சுவைத்துப் பார்த்து ஏமாற வேண்டாம்; அப்போது அது முரட்டுத்தனமாகத்தான் இருக்கும். மாதங்கள் போகப்போகத் துவர்ப்புப் பொருள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, அடியில் வண்டலாகப் படியும், சுவை வட்டமாகும். கிறிஸ்துமஸுக்குக் குடிக்கலாம், அடுத்த கிறிஸ்துமஸுக்கு இன்னும் நன்றாக இருக்கும். சாப்பாட்டுக்கு முன், லேசாகக் குளிர்வித்து, சின்னக் கிளாசில். நீலம் பூத்த பாலாடைக்கட்டி பக்கத்தில் இருந்தால் இன்னும் விசேஷம்.

இதே 5-1-1 கணக்கில் புரோவான்ஸ் பகுதியில் ஆரஞ்சு ஒயின் செய்கிறார்கள். அதற்குக் காலம் ஜனவரி, பிப்ரவரி. கசப்பு ஆரஞ்சு அப்போதுதான் சந்தைக்கு வரும். சாதாரண இனிப்பு ஆரஞ்சை மட்டும் போட்டால் பானம் தட்டையாக இருக்கும், ஏனென்றால் இதன் உயிரே தோலின் கசப்பில் இருக்கிறது. ஆறு கசப்பு ஆரஞ்சு, ஓர் இனிப்பு ஆரஞ்சு, ஓர் எலுமிச்சை, ஒரு வனிலாக் காய், 5 லிட்டர் ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயின் அல்லது வெள்ளை ஒயின், 1 லிட்டர் ஓ-த-வீ, 1 கிலோ சர்க்கரை. பழத்தைத் தோலோடு துண்டாக்கிப் போடுகிறோம் என்பதால் மருந்து தெளிக்காத பழம்தான் வேண்டும். மெழுகு பூசிய பளபளப்பான பழத்தை ஊறவைத்தால் மெழுகும் பூச்சிமருந்தும் சேர்ந்தே ஊறும். 40 நாள் போதும், அதிகம் விட்டால் தோலின் உள்வெள்ளை கசப்பைக் கூட்டிக்கொண்டே போகும். ஜூனில் ஐஸ் போட்டுக் குடிக்க இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

பீச் மரத்து இலையிலும் இப்படி ஒரு ஒயின் உண்டு, வாதுமை மணத்தோடு. கிராமங்களில் தலைமுறைகளாகச் செய்கிறார்கள் என்றாலும் முதல் ஆண்டில் உங்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த மணத்தைத் தரும் பொருள் சிதையும்போது சயனைடும் வெளிவருகிறது. பீச், ஆப்ரிகாட் கொட்டைகளை உடைத்துப் பருப்பை ஊறவைக்கும் குறிப்புகளிலும் இதே ஆபத்து, இன்னும் அதிகமாக. அளவு தெரிந்த கை பக்கத்தில் இல்லாமல் இறங்க வேண்டாம்.

ஆல்ப்ஸ் அடிவாரத்துக்காரர்களின் பெருமை ஜெனெப்பி. இதன் செய்முறையை யாரும் எழுதிவைக்கத் தேவையில்லை, எல்லாமே 40: 40 கொத்து ஜெனெப்பிச் செடி, 40 சர்க்கரைக் கட்டி, 40 சதவீத மது 1 லிட்டர், 40 நாள். சர்க்கரைக் கட்டி 40 என்றால் கிட்டத்தட்ட 240 கிராம். நாற்பதைத் தாண்டிக் கொத்து போட்டால் மணம் கூடாது, கசப்புதான் கூடும். ஆனால் செடியை மலைமேல் ஏறிப் பறிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பனிக்கோட்டுக்கு அருகே பாறையிடுக்கில் வளரும் சின்னச் செடி அது. ஒருவர் எத்தனை கொத்து பறிக்கலாம் என்று வட்டாரத்துக்கு வட்டாரம் வரம்பு வைத்திருக்கிறார்கள், வனுவாஸ் போன்ற தேசியப் பூங்காவின் நடுப்பகுதியில் பறிக்கவே கூடாது. அதே மலைப்பகுதியான சவுவாவின் சந்தைகளில் பயிரிட்டு உலர்த்திய கொத்துகள் கிடைக்கின்றன, அவற்றை வாங்குங்கள்.

மலைச் செடி என்றதும் ஜென்ஷியான் வேர் நினைவுக்கு வரும். சூஸ் என்ற பெயரில் 1889 முதல் விற்கும் மஞ்சள் நிறக் கசப்பு மது இந்த வேரிலிருந்துதான். வேரைத் தோண்டப் போகும் புதியவர்கள் அதே மேய்ச்சல் நிலத்தில் வளரும் வெராத்ரம் என்ற நச்சுச் செடியைத் தோண்டிவந்து மருத்துவமனையில் சேர்வது உண்டு. பூ இல்லாத காலத்தில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். ஜென்ஷியான் இலை தண்டில் எதிரெதிராக இணைந்து வரும். வெராத்ரம் இலை மாறிமாறி வரும். வித்தியாசம் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்துகொண்ட பிறகும் வேரை மருந்துக்கடையிலேயே வாங்குங்கள்.

பர்கண்டியின் காசிஸ் மதுவை விட்டுவிட முடியாது. காசிஸ் என்பது கறுப்புத் திராட்சையைவிடச் சிறிய, புளிப்பும் துவர்ப்புமான புதர்ப்பழம். திஜோன் நகரில் 1841இல் ஓகுஸ்த்-தெனி லகூத் இதை மதுவாக்கி விற்கத் தொடங்கினார். வீட்டில் செய்ய ஜூலைதான் காலம்: அரை கிலோ பழத்தைக் காம்பு நீக்கி லேசாக நசுக்கி, அரை லிட்டர் ஓ-த-வீயில் இரண்டு மாதம் ஊறவிடுங்கள். அந்தப் புதரின் இளம் இலை நான்கைந்து சேர்த்தால் மணம் தூக்கலாக வரும். பிறகு துணியில் பிழிந்து, கிடைத்த சாற்றுக்கு லிட்டருக்கு 400 கிராம் என்ற கணக்கில் சர்க்கரை கலந்து கரையவிடுங்கள். ‘க்ரெம் த காசிஸ்’ என்று பெயர் போட்டு விற்கவேண்டுமானால் ஐரோப்பியச் சட்டப்படி லிட்டருக்கு 400 கிராமாவது சர்க்கரை இருக்க வேண்டும். மற்றப் பழங்களின் க்ரெமுக்கு 250 கிராம் போதும். காசிஸின் புளிப்பு அவ்வளவு சர்க்கரையைத் தாங்கும்.

இதை வெறுமனே குடிப்பது திகட்டும். அலிகோத்தே என்ற, பர்கண்டியின் புளிப்பான வெள்ளை ஒயினில் சேர்த்தால்தான் இரண்டுக்கும் கதிமோட்சம். 1945 முதல் 1968இல் இறக்கும்வரை திஜோன் மேயராக இருந்த பாதிரியார் ஃபெலிக்ஸ் கிர், நகர்மன்ற விருந்துகளில் வந்தவர்களுக்கெல்லாம் இதையே கொடுத்தார். அவருக்கு முன்பே இருந்த பானம்தான், ஆனால் இன்று உலகம் முழுவதும் அதற்குக் ‘கிர்’ என்றே பெயர். க்ரெமை முதலில் ஊற்றி, அதன்மேல் நான்கைந்து மடங்கு குளிர்ந்த ஒயினை ஊற்றினால் கரண்டி இல்லாமலே கலந்துகொள்ளும். க்ரெம் பாட்டிலைத் திறந்தபின் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். காற்றுப் பட்டால் அந்த ஊதா நிறம் சில மாதத்தில் செங்கல் நிறமாகி, மணமும் செத்துவிடும்.

சோம்பேறிகளுக்கு என்று ஒன்று இருக்கிறது, நான் அதன் பரம ரசிகன். ‘வியே கார்சோன்’ ஜாடி என்பார்கள். ஜூனில் ஸ்ட்ராபெரி, பிறகு செர்ரி, ராஸ்பெரி, ஆப்ரிகாட், ஆகஸ்டில் பிளம், செப்டம்பரில் திராட்சை என்று அந்தந்தப் பருவத்தில் கிடைப்பதை ஒரே ஜாடியில் அடுக்கிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வோர் அடுக்குக்கும் பழத்தின் எடையில் பாதி சர்க்கரை, மூழ்கும் அளவுக்கு ஓ-த-வீ. பழம் மிதக்கும், அதனால் மேலே ஒரு சின்னப் பீங்கான் தட்டைக் கவிழ்த்து அமுக்கிவையுங்கள். காற்றில் நிற்கும் துண்டில்தான் பூஞ்சை பிடிக்கும். கிறிஸ்துமஸில் திறந்தால் பானமும் இருக்கும், கிண்ணத்தில் பரிமாறப் பழமும் இருக்கும். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டியது இந்தப் பழத்தைத்தான். பார்க்க அப்பாவியாக இருக்கும், வலிமை மதுவுக்குச் சமம்.

பாஸ்திஸ் என்ற சோம்பு மணமுள்ள மதுவை வீட்டில் செய்யலாம் என்றாலும் கடைச் சரக்கை மிஞ்ச முடியாது. தண்ணீர் பட்டதும் பால்போல் மங்குவது சோம்பிலும் அன்னாசிப்பூவிலும் உள்ள அனெத்தோல் என்ற எண்ணெய்ப் பொருளால். அது வலுவான ஆல்கஹாலில் கரையும், தண்ணீரில் கரையாது. 40 சதவீத மதுவில் அன்னாசிப்பூவும் அதிமதுரமும் ஊறவைத்தால் மணம் வரும், அந்த வெண்மை சரியாக வராது. வெண்மை வராத பாஸ்திஸை மார்செய்க்காரர் ஒருவர் முன் வைத்துவிடாதீர்கள்.

குளிர்காலத்துக்கு மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன், உங்கள் அஞ்சறைப்பெட்டி தயாராக இருப்பதால். ஐப்போக்ராஸ் என்ற மசாலா ஒயின் 14ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுச் சமையல் குறிப்புகளிலேயே இருக்கிறது: பட்டை, இஞ்சி, கிராம்பு, ஜாதிக்காய், திப்பிலி, சர்க்கரை. அன்றைய பாரிஸுக்கு இவற்றில் பெரும்பகுதி இந்தியப் பெருங்கடலைத் தாண்டிப் போனவை. அதனால் அது பணக்காரர்களின் பானம். இன்று பிரெஞ்சுச் சமையலறைகளில் திப்பிலி கிடைக்காமல் அல்லாடுகிறார்கள், உங்களுக்கு அது கஷாயப் பொட்டலத்திலேயே இருக்கும். 1 லிட்டர் ஒயினில் 150 கிராம் சர்க்கரை, ஒரு துண்டு பட்டை, விரல்கணு அளவு சுக்கு, மூன்று கிராம்பு, ஒரு திப்பிலி. எல்லாவற்றையும் ஒன்றிரண்டாகத் தட்டிப்போட்டு, ஒருநாள் ஊறவிட்டு வடியுங்கள். சூடாக்கவே வேண்டாம். சந்தைகளில் ஆவி பறக்க விற்கும் ‘வேன் ஷோ’ வேறு.

இனி மது தொடாதவர்களுக்கு. மே கடைசியில் சுரோ பூக்கும். ஆங்கிலத்தில் எல்டர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தட்டையான குடைபோன்ற வெள்ளைப் பூங்கொத்து, முலாம்பழ வாசம். சிரப் செய்வது எளிது: பத்துப் பதினைந்து கொத்தை 1 லிட்டர் தண்ணீரில் எலுமிச்சைத் துண்டுகளோடு ஒருநாள் ஊறவைத்து வடித்து, 1 கிலோ சர்க்கரை சேர்த்துக் கொதிக்கவிட்டு, சூடாகவே சுத்தமான பாட்டிலில் ஊற்றுங்கள். சர்க்கரையைக் குறைக்கக் கூடாது. அதுதான் இங்கே பாதுகாவலன். பூவைத் தவிரப் பச்சைத் தண்டையும் இலையையும் சேர்க்காதீர்கள், நச்சு. மரத்தண்டு உள்ள புதரில்தான் பறிக்க வேண்டும். இடுப்பு, மார்பு உயரத்தில் நிற்கும் மென்தண்டுச் செடியாக இருந்தால் அது யெப்லு, அதன் நச்சுத் தம்பி.

அதே பூவில் நுரைக்கும் லிமனேடும் செய்வார்கள். அங்கேதான் எச்சரிக்கை வேண்டும். 5 லிட்டர் தண்ணீர், 500 கிராம் சர்க்கரை, பத்துக் கொத்துப் பூ, இரண்டு எலுமிச்சை, ஒரு குவளையில் பாதி வினிகர். பூவைக் கழுவாமல் போட வேண்டும், ஏனென்றால் நொதிக்கவைக்கும் ஈஸ்ட் பூவின்மேல்தான் இருக்கிறது. வெயிலில் மூன்று நான்கு நாள் வைத்தால் சிறு குமிழிகள் எழும். வடித்து பாட்டிலில் அடைத்தபின் நடப்பதை எண்ணில் சொன்னால்தான் பயம் வரும். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை மூடிய பாட்டிலில் நொதித்தால் அழுத்தம் ஏறக்குறைய 1 பார் ஏறும். ஷாம்பெயினில் இதற்காக லிட்டருக்கு 24 கிராம் சேர்த்து 6 பார் வரவைக்கிறார்கள். அதைத் தாங்கத்தான் அந்தக் கனத்த கண்ணாடி, கம்பி கட்டிய கார்க். உங்கள் லிமனேடில் இருப்பது லிட்டருக்கு 100 கிராம். முழுவதும் நொதித்தால் எந்தக் கண்ணாடியும் தாங்காது. ஆகவே முதல் ஆண்டில் சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டில்களில் அடையுங்கள். தினமும் விரலால் அழுத்திப் பாருங்கள். கல்போல் கெட்டியானதும் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்து, சில நாளில் குடித்து முடித்துவிடுங்கள். கொஞ்சம் ஆல்கஹாலும் ஊறியிருக்கும், அதனால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சிரப்பே போதும். வடக்கே ஆஷ் என்ற மரத்தின் இலையில் செய்யும் ஃப்ரெனெத் என்ற நுரைபானமும் இதே குணம். அந்தக் காலத்து நிலவறைகளில் இரவில் பாட்டில் வெடிப்பது சகஜமாம்.

ஓர்ழா என்ற பாதாம் சிரப் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடிக்கும். 200 கிராம் பாதாமை இரவு ஊறவைத்துத் தோலுரித்து, தேங்காய்ப்பால் எடுப்பதுபோல அரைத்துப் பிழிந்து அரை லிட்டர் பால் எடுங்கள். அதில் 600 கிராம் சர்க்கரையை மிதமான சூட்டில் கரைத்து, ஆறியபின் ஒரு தேக்கரண்டி ஆரஞ்சுப்பூ நீர். மேலே ஏடுபோல் பிரியும், குலுக்கினால் சேர்ந்துவிடும். இரண்டு வாரத்துக்குமேல் வைக்காதீர்கள். பழைய குறிப்புகளில் கசப்புப் பாதாம் சேர்க்கச் சொல்வார்கள்; அதிலும் சயனைடு ஆபத்து உண்டு, கடையில் விற்கும் பாதாம் எஸென்ஸ் ஒரு துளி அந்த வேலையைச் செய்யும்.

மாதுளைச் சாற்றில் சம எடை சர்க்கரையும் கொஞ்சம் எலுமிச்சையும் சேர்த்துக் காய்ச்சினால் கிரெனதின். கடையில் அந்தப் பெயரில் விற்பதில் பெரும்பாலும் வேறு சிவப்புப் பழங்களும் வனிலாவும்தான் இருக்கின்றன, லேபிளைப் படித்துப் பாருங்கள். எந்தச் சிரப்பையும் தண்ணீருக்குப் பதில் பிரெஞ்சு லிமனேடில் கலந்தால் அது ‘தியபோலோ’. காப்பிக் கடைகளில் பிள்ளைகள் கேட்பது அதைத்தான். இரவுக்கு லிண்டன் பூக் கஷாயம். லியோனுக்குத் தெற்கே, ட்ரோம் மாவட்டத்து புய்-லே-பரோனியில் விளைவது பெயர் பெற்றது. நீங்களே பறிப்பதானால் ஜூன் இறுதியில், நெடுஞ்சாலையோர மரங்களை விட்டுவிட்டு, பறித்து நிழலில் உலர்த்துங்கள்.

காலையில் காப்பிக்குப் பதில் சிக்கரி குடிக்கும் வழக்கம் வடக்குப் பிரான்சில் இன்னும் இருக்கிறது. 1806இல் நெப்போலியன் ஆங்கிலேய வணிகத்தைத் தடுத்தபோது காப்பிக்கொட்டை அரிதாகி, இந்த வறுத்த வேர் வீடுவீடாகப் பரவியது. நம் ஃபில்டர் காப்பிப் பொடியில் கலப்பதும் இதுதான் என்பதால் உங்களுக்கு அந்த வாசம் புதிதாக இருக்காது. சூடான பாலில் தனிச் சிக்கரி கலந்து கொடுத்தால் பிள்ளைகளும் குடிப்பார்கள், காஃபின் கிடையாது.

ஊருக்கு எடுத்துவருவது பற்றி: கைப்பெட்டியில் முடியாது, 100 மில்லி வரம்பு இருக்கிறது. சரக்காகப் போடும் பெட்டியில் 24 சதவீதத்துக்குக் குறைந்த வலிமையுள்ள மதுவுக்கு விமானப் பாதுகாப்பு விதியில் தடையில்லை. 24க்கு மேல் 70 வரை உள்ளதைக் கடையில் விற்ற அதே மூடிய பாட்டிலில்தான் கொண்டுபோகலாம், ஆளுக்கு 5 லிட்டர் வரை. அதனால் வால்நட் ஒயினும் ஆரஞ்சு ஒயினும் வரலாம். வீட்டில் செய்த ஜெனெப்பி வர முடியாது. இந்தியச் சுங்கத்தில் ஒரு பயணிக்கு 2 லிட்டர் வரைதான் தீர்வையில்லை. பாட்டிலின்மேல் உள்ளே இருப்பது என்ன, எத்தனை சதவீதம், எந்த ஆண்டு என்று எழுதி ஒட்டி, கார்க்கின்மேல் மெழுகு உருக்கி ஊற்றி, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் வைத்துத் துணிகளுக்கு நடுவே செருகுங்கள். வெள்ளை வேட்டிக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், வால்நட் கறை போகாது.